ஒரு பொட்டு ஈயம்

டீ நன்றாக இருந்தது மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கிருத்திகைக் கூட்டம் இறங்குகிற நாட்களில் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் தெருக் கடைகளில் எல்லாம் அப்படித்தான், முருகன் மலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தெம்பு வரட்டும் என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள். என் மனைவி மோனிஷா போடும் டீயில் சர்க்கரை இருப்பதே தெரியாது. ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டில் நான்தான் டீ போடுகிறேன். அந்த அளவு எனக்கும் பழகிவிட்டது.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் தாளைப் படித்தேன். "மேற்படி கருவியைப் பழுது பார்த்தபோது கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டது" என்று இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். என் மச்சான் நவீன்குமார் கொடுத்த புகாருக்கு எந்தப் பிரிவும் பொருந்தவில்லை. டக் டக் என்று அடிக்கிற ஒரு மரப்பெட்டிக்குள் ஈயம் இருந்ததற்கு யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்று நீங்கள் சிரித்ததும் நியாயம்தான். ஆனால் கவனக்குறைவு என்ற வார்த்தைக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. என் பெயர் ஸ்ரீதர். சித்தூர் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கே.ஜி.கண்டிகையிலிருந்து ஆந்திரா எல்லை வரைக்கும் கிணறுகளில் ஓடுகிற மோட்டார்களைக் கேட்டுப் பாருங்கள். கவனக்குறைவால் என் கையில் ஒரு சாமானும் கெட்டதில்லை. அதனால் நடந்தது நடந்தபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மோனிஷா என் தாய்மாமன் மகள். ஊர் மணவூர். சின்ன வயதிலிருந்தே என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள், கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. மாமா அவளை அரக்கோணத்தில் கான்வென்ட்டில் சேர்த்திருந்தார். தினமும் ரயிலில் போய் வருவாள். அங்கே ஒரு சிஸ்டர் பியானோ கற்றுக் கொடுத்தார். நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் பியானோ எதற்கு என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். கல்யாணத்தன்று அவள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது விரல்கள் சேலைமேல் தானாக ஓடிக்கொண்டிருந்தன. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பியானோவை வாங்கிக் கொடுத்தது நான்தான். புகாரில் இது இல்லை. அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது விலைக்கு வந்தது. மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசற்கதவின் நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே தள்ளினோம். எங்கள் கே.ஜி.கண்டிகையே கூடி நின்று பார்த்தது. இப்படி ஒரு புருஷன் கிடைக்க மோனிஷா கொடுத்து வைத்தவள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் அழுதுவிட்டாள். பியானோ வீட்டில் இருந்தால் அவளும் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். தப்பான கணக்கு ஒன்றும் இல்லையே.

பியானோவோடு வந்த ஸ்டூலின் மூடியைத் திறந்தால் உள்ளே அந்த மரப்பெட்டி இருந்தது. மெட்ரோனோம் என்பார்கள். கோபுரம்போலக் கூம்பி இருக்கும். நடுவில் ஒரு கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், ஆடும்போது டக் டக் என்று சத்தம் வரும். கம்பியில் ஒரு சின்ன எடை இருக்கிறது. அதை மேலே ஏற்றினால் மெதுவாக ஆடும், கீழே இறக்கினால் வேகமாக ஆடும். கம்பிக்குப் பின்னால் எண்கள் எழுதிய தகடு. எடையை எந்த எண்ணுக்கு நேராக வைக்கிறோமோ, ஒரு நிமிடத்தில் அத்தனை தட்டு. கேட்டுக்கொண்டே வாசித்தால் கை அந்த வேகத்துக்குப் பழகும். இந்த வாரம் ஒரு எண், அடுத்த வாரம் அதைவிடக் கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான் பயிற்சி.

பாட்டு எதுவும் வாசிக்கமாட்டாள், பெரும்பாலும் ஸ்கேல்தான். இடக்கோடியில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டையாக வலக்கோடிவரை ஓடி, அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஐந்து விரல்தானே இருக்கிறது, கட்டைகளோ நீண்டுகொண்டே போகின்றன. அதனால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து நுழைத்துப் போக வேண்டும். நுழைவது காதில் விழக் கூடாது. மோதிர விரல்தான் எல்லோருக்கும் சோம்பேறி விரல், அது தனியாக எழும்பாது என்று அவள் சொல்லுவாள். கேட்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும். எனக்கு இல்லை. கடையில் நாள் முழுவதும் மோட்டார் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, ஒரே மாதிரி ஏறி இறங்குகிற சத்தம் நிம்மதி தரும்.

சென்னையில் இருக்கும் நிர்மலா டீச்சர் வாரம் ஒரு நாள் போனில் வீடியோ போட்டுக் கற்றுக் கொடுத்தார். அவர்தான் அந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னது. சென்னையில் ஒரு இசைக் கல்லூரி, இரண்டு வருடப் படிப்பு, ஹாஸ்டலில் தங்க வேண்டும். முடித்தால் வெளிநாட்டுப் பள்ளிகளில்கூட வேலை கிடைக்குமாம். நுழைவுத் தேர்வில் எல்லா ஸ்கேலும் கேட்பார்கள், வேகம் நூற்று இருபதுக்குக் குறையக் கூடாது. மோனிஷா அதைச் சொன்னபோது அடுப்பில் தோசை இருந்தது, திருப்பிப் போட மறந்துவிட்டாள்.

"போய்ட்டு வரட்டுமா பாவா? ரெண்டே வருசம். சனி ஞாயிறு ட்ரெயின் புடிச்சி வந்துடுவேன்," என்றாள்.

"ஆங், போய்ட்டு வா. நான் இன்னா வேணாம்னா சொல்லப் போறேன்," என்றேன்.

வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள். சொல்லியிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள், ஆனால் என்மேல் ஒரு கசப்பு வைத்திருப்பாள். அந்தக் கசப்போடு என் வீட்டில் அவள் இருப்பதை நான் விரும்பவில்லை.

ஈயம் வைத்தது முதலில் திட்டம் போட்டு இல்லை. மெட்ரோனோம் அப்போது இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சரி செய்து தரச் சொல்லிக் கேட்டாள். கடைக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். கம்பியின் கீழ்ப்பகுதி பெட்டிக்குள் மறைந்திருக்கிறது, அங்கே இன்னொரு எடை இருக்கிறது. மேலே இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், கீழே இருப்பது யார் கண்ணிலும் படாது. ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு, கீழ் எடையில் ஒரு பொட்டு ஈயம் வைத்துப் பார்த்தேன். வேகம் கூடிவிட்டது. தகட்டில் இருக்கும் எண்ணைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓடியது. மறுநாள் எடுத்துவிடலாம் என்று அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்று கடையில் வேலை அதிகம்.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. முந்தின வாரம் சுலபமாக வாசித்த எண்ணிலேயே விரல் தடுக்கியது. திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் தலை சாய்த்தாள்.

"கை இருக்குது பாவா, வேகம் எங்கியோ போயிடுச்சி," என்றாள்.

மேடம், கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் தானாக வந்து என் தோளில் சாய்ந்தது அன்றுதான். நன்றாக வாசித்த நாட்களில் பியானோவை விட்டு எழுந்தால்கூட மனசு அங்கேயேதான் இருக்கும், நான் பேசினால் "இன்னா?" என்று மறுபடி கேட்பாள். அன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கடையில் யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. ஈயத்தை எடுக்கவில்லை.

பிறகு அவள் கை அந்த வேகத்தைப் பிடித்துவிட்டது. கெட்டிக்காரி. மறுபடியும் எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லி எடுத்துப் போய் இன்னும் கொஞ்சம் வைத்தேன். அவள் தொண்ணூற்றாறு என்று நினைத்து வாசித்தபோது அது நூற்றுப் பதினைந்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் அவள் தேர்வுக்குக் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஊரிலேயே அவளைப் போல வாசிக்க ஆள் இல்லை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு தடவை அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"பாவா, இது நெசமாவே தொண்ணூத்தாறுதானா? ஓடுற மாரி இருக்குதே."

"எடுத்துனு வா, பாக்கலாம்," என்றேன்.

அவள் எதிரிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உதட்டை அசைத்து எண்ணினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கரெக்டாத்தான் ஓடிக்கினு இருக்குது மோனி. உனக்கு அசதி," என்றேன். அவள் போனை எடுத்துச் சரிபார்த்திருக்கலாம், அதிலும் இதற்கெல்லாம் வசதி இருக்கிறது. பார்க்கவில்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் சொன்னதற்குமேல் போனிடம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. "அப்ப நான்தான் ஸ்லோவாயிட்டேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாள்.

நிர்மலா டீச்சர் மட்டும் எதையோ கவனித்துவிட்டார். வீடியோவில் சத்தம் தள்ளி வருவதால் அவர் தாளம் தட்டமாட்டார், வெறுமனே கேட்பார். ஒரு நாள், "வேகம் போதும்மா மோனிஷா. மணிக்கட்டு இறுகிப் போயிருக்கு. ஒரு மாசம் மெதுவா வாசி," என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மோனிஷா அதை நம்பவில்லை. நூறையே தொடாதவளிடம் வேகம் போதும் என்று சொன்னால் அது ஆறுதல் வார்த்தைதானே. என்னிடம் கேட்டாள். படிப்பில் சேர்ந்துவிட்டால் மாணவி தன் கையைவிட்டுப் போய்விடுவாள் என்று சில டீச்சர்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும், அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சொன்னேன்.

வலி ஆரம்பித்தது வெயில் காலத்தில். முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை வரைக்கும். எங்கள் தொழிலில் இது அன்றாடம் பார்ப்பதுதான். சக்திக்கு மீறி ஓட்டினால் மோட்டார் ஒரே நாளில் நின்றுவிடாது. முதலில் உடம்பு சுடும், பிறகு லேசாக ஒரு வாசனை வரும், அப்போதே அணைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. விவசாயிகள் அணைக்கமாட்டார்கள். கடைசி வயல் நனையட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் கருகின காயிலோடு கடைக்கு வந்து நிற்பார்கள். நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

தினமும் சாயங்காலம் தைலம் தேய்த்து விட்டேன். என் கட்டைவிரலுக்கு அடியில் அவள் கை நரம்பு நறநறவென்று நகர்வது தெரியும். தொட்டால் சுடும். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் தேய்த்துக்கொண்டே இருப்பேன். மலையிலிருந்து ஸ்பீக்கர் பாட்டு கேட்கும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் நான் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அவள் சொன்னாள்: "நாலு நாள் கைக்கு லீவு வுடலாம்னு பாக்கறேன் பாவா. வலிச்சிகினே இருக்குது."

"வுடு, இன்னா இப்போ," என்றேன். பிறகு கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், "பரீட்சைக்கு முருகன் கிட்ட வேண்டிக்கினியா?"

அவள் இல்லை என்றாள்.

வருடாவருடம் நான் புஷ்பக் காவடி எடுக்கிறவன். அந்த வருடம் அவளையும் கூட்டிக்கொண்டு படியேறினேன். ஆடிக் கிருத்திகையில் மலைப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பந்தோபஸ்துக்கு நின்றிருப்பீர்கள். கால் வெந்து போய் ஏறுகிற கிழவிகள், அலகு குத்தின வாயோடு ஏறுகிறவர்கள். ஒருத்தர் முகத்திலும் வலி தெரியாது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். சந்நிதியில் வைத்து மஞ்சள் கயிறு ஒன்றை அவள் வலது மணிக்கட்டில் கட்டினேன். ஒரு மண்டலம் விரதம், காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, எல்லா ஸ்கேலும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், தேர்வு நாள் வரைக்கும்.

"நடுவுல வுடக்கூடாது மோனி. எடுத்தா முடிச்சிடணும். காவடிய யாரும் பாதிப் படியில எறக்கி வெச்சிட்டு ஊட்டுக்குப் போறதில்ல," என்றேன்.

"போறதில்ல," என்றாள் அவள்.

வெளியூர்க்காரியாக இருந்தால் வலித்தால் நிறுத்திவிடுவாள். இந்த மலையைக் கும்பிட்டு வளர்ந்தவளுக்கு அது தோன்றாது. வேண்டுதல் என்று ஆகிவிட்டால் வலியும் அதில் ஒரு பங்கு. வலித்தால்தான் சாமி கணக்கில் எடுத்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடிகாலையில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, விபூதி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். சில சமயம் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசிப்பாள். சமையல்கட்டில் இருந்து எனக்குக் கேட்கும், மூச்சை இழுத்து இழுத்து விடுவது.

பாதி மண்டலத்தில் மோதிர விரல் வீங்கிவிட்டது. புருஷனாக என் கடமை, டாக்டரிடம் கூட்டிப் போனேன். எலும்பு டாக்டர், நல்ல மனிதர். எக்ஸ்ரே எடுக்க அவளை உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் என்னோடு பேசினார். அவள் வெளியே வந்து, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "நரம்பு பலமாவுதாம். பழக்கத்த வுட்டுடாதீங்கன்னு சொன்னாரு," என்றேன். மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில் அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன், கிளாஸை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

தேர்வுக்குக் காலை ரயிலில் போனோம். பெட்டியில் கூட்டம், அவளுக்கு ஜன்னல் ஓரம் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டு வந்தேன். அரக்கோணம் தாண்டி மணவூர் வந்ததும் அவள் ஊரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். கல்லூரியில் எனக்கு வெளியே ஒரு பெஞ்சு கொடுத்தார்கள். கதவு முழுக்க மூடவில்லை. இடது கை முதலில் ஆரம்பித்தது, அழகாக ஏறியது. வலது கை இரண்டு மூன்று கட்டை வாசித்துவிட்டு நின்றது. பரவாயில்லை, மறுபடி ஆரம்பியுங்கள் என்று யாரோ சொன்னார்கள். மறுபடி அதே இடம். மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கின்றன, விரிக்க வரவில்லை, வலியும் இல்லை என்று அவள் சொல்வது கேட்டது. "சாரி, இதோ ஒரு நிமிசம்," என்றாள். அங்கிருந்தவர்கள் பொறுமையானவர்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில் என்னிடம் இருந்தது.

வெளியே வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. மடங்கிய விரல்களை இடது கையால் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுக்குப் போலாம் பாவா," என்றாள்.

மேடம், அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கையில் இருந்த வீக்கம் ஆறிவிட்டது, ஆனால் விரலுக்கும் மூளைக்கும் நடுவில் இருந்த பழக்கம் குழம்பிவிட்டது என்றார்கள். அளவுக்கு மீறிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அபூர்வமாக வருமாம், வந்தால் திரும்புவது கஷ்டமாம். முதலில் பியானோவில் மட்டும்தான் மடங்கியது. பிறகு பேனா பிடித்தாலும் மடங்கியது, அதற்குப் பிறகு சோறு பிசைந்தாலும். அதனால் நான் பிசைந்து கொடுத்தேன். தலை வாரிவிட்டேன், பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிட்டேன். மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். வாசற்படியில் எனக்காக உட்கார்ந்திருப்பாள். பேச்சு குறைந்துவிட்டதுதான், ஆனால் ஒரு வீட்டில் அமைதியும் வேண்டுமே. ஒரு நாளும் அவள்மேல் நான் குரல் உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

இந்தப் பொங்கலுக்கு அவள் தம்பி நவீன்குமார் வந்திருந்தான். மூடிக் கிடந்த பியானோமேல் மெட்ரோனோம் இருந்தது. சும்மா சாவி கொடுத்து ஓடவிட்டான். அவன் சர்ச் விழாக்களில் டிரம்ஸ் வாசிக்கிறவன், காது பழகினது. போனை எடுத்து வைத்துப் பார்த்தான், பிறகு ஸ்க்ரூ டிரைவர் கேட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் என் வீட்டில் ஒரு டூல் இல்லை என்று எப்படிச் சொல்வது. அடித்தகட்டைக் கழற்றினதும் ஈயம் தெரிந்தது. சுத்தமாக வைத்த பற்று, அவனே பார்த்துவிட்டு, "இது கைதேர்ந்தவன் வேல பாவா," என்றான்.

மோனிஷா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஈயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அன்னிக்கு டாக்டரு வராந்தாவுல உன்கிட்ட இன்னா சொன்னாரு பாவா?"

"அதான் சொன்னேனே. பழகச் சொன்னாரு," என்றேன்.

அன்று மாலையே தம்பியோடு மணவூர் போய்விட்டாள். ஒரு பையில் துணி, அவ்வளவுதான். புகாரிலும் ஈயம் மட்டும்தான் இருக்கிறது, டாக்டர் இல்லை. அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னது இது: "மூணு மாசம் அந்த அம்மா பியானோவைத் தொடக் கூடாது. இப்ப நிறுத்தினா முழுசா சரியாயிடும். நிறுத்தலைன்னா இந்தக் கை அவங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. நீங்கதான் பிடிவாதமா நிறுத்த வைக்கணும்." எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மனதில் ஒரு நிம்மதி வந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. சரிங்க டாக்டர் என்று சொன்னேன்.

ஆக, தவறு எதுவும் நேரவில்லை. ஈயம் வைத்தது தெரிந்து வைத்தது. கயிறு கட்டினது தெரிந்து கட்டினது. கை போய்விடும் என்று தெரிந்துதான் வாசிக்கச் சொன்னேன். கவனக்குறைவு என்ற வரியை அடித்துவிட்டு இதை எழுதினால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதற்குப் பிரிவு உண்டா இல்லையா என்பது உங்கள் பாடு.

எழுதினதை மோனிஷாவுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லுங்கள். கோபம் வரும், வரட்டும். ஒருத்தன் இவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் அவள் அவனுக்கு எவ்வளவு வேண்டியவளாக இருந்திருப்பாள் என்று யோசித்தால் அவளுக்கே புரியும். வீட்டை நான் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் நீங்கள் எழுந்து வெளியே போனபோது நவீன்குமார் இந்த வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். இடது கைக்கு என்றே தனியாகப் பாட்டுகள் இருக்கின்றனவாம், நிர்மலா டீச்சர் அனுப்பியிருக்கிறாராம், மோனிஷா ஒரு சின்ன கீபோர்டு வாங்கி வைத்துக்கொண்டு காலையும் மாலையும் இடது கை ஸ்கேல் பழகுகிறாளாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை மேடம். அவளுக்கு அளவு தெரியாது. தனியாக விட்டால் அந்தக் கையையும் கெடுத்துக்கொள்வாள், சீக்கிரம் அவளை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.